பிணை நிற்கும் பெரியவர்கள்

"எந்தத் தோட்டம், தம்பி? யார் மகன்?"

பதுளைக் கடைவீதியில் மொத்த வியாபாரி ஒருவரிடம் சென்று கடனுக்குச் சரக்குக் கேட்கும் தோட்டத்து இளைஞன் முதலில் எதிர்கொள்ளும் கேள்விகள் இவை இரண்டே. கையில் எவ்வளவு முதல் இருக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. சில வேளைகளில் அது கேட்கப்படாமலே போய்விடுவதும் உண்டு. இளைஞன் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைச் சொல்வான். தகப்பனார் பெயரையும் சொல்வான். முதலாளி சற்றே யோசிப்பார். அந்தத் தோட்டத்திலிருந்து பல ஆண்டுகளாகத் தம்மிடம் சரக்கெடுத்து வரும் ஒருவரை நினைவில் தேடிப் பிடிப்பார். "அவரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, பார்ப்போம்" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால், அரிசி மூடையும் மாவு மூடையும் அன்று மாலையே பசறை வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறிவிடும்.

நேயர்களே, அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். தொழிலில் மூத்தவர் இளையவருக்குக் கைகொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கந்தான். ஆயினும், நிலமும் பணமும் உள்ள சமூகத்தில் அது ஓர் உபகாரம். அவை இல்லாத சமூகத்திலோ அதுவே முதல். வங்கிக்குச் சென்றால் முகாமையாளர் காணி உறுதியைக் கேட்கிறார். தோட்டத்துக் குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தமேயன்றிக் குடும்பத்துக்குச் சொந்தமன்று. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் பெற்றவர்கள் உண்டு. எனினும் அவர்கள் இன்னும் சிறு தொகையினரே. எனவே, தாளில் எழுதிய உறுதி இல்லாத இடத்தில் ஒரு மனிதரே உறுதியாக வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படிச் சொன்னவுடன் இதனை முழு நன்மை என்று நாம் கொண்டாடத் தொடங்கிவிடலாகாது. மூத்தவர் ஒருவர் முன்னின்று பணம் கொடுப்பதும், அதற்குப் பிணை நிற்பதும் மலையகத்துக்குப் புதியன அல்ல. மலையகமே அப்படித்தான் உண்டாயிற்று.

முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். அழைத்து வந்தவர் பெரிய கங்காணி. அவர் அந்நியர் அல்லர். பெரும்பாலும் அதே ஊரார், அதே உறவினர். ஊரிலிருந்த பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், வந்து சேர்ந்த பின் அரிசிக்கும் அவரே முற்பணம் கொடுத்தார். கலியாணம் பேசி வைத்தவரும் அவரே; வழக்குத் தீர்த்தவரும் அவரே. கொடுத்ததெல்லாம் அவருடைய கணக்கில் ஏறியது. தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டான். கங்காணி தோட்டத்துக்கும் செட்டியாருக்கும் கடன்பட்டார்.

இந்தக் கடன் சங்கிலியின் கொக்கி "துண்டு" என்று பெயர் பெற்ற ஒரு சிறு தாள். கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய தொகை இவ்வளவு. அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறொரு தோட்டத்துக்குச் செல்வார். அங்கே பழைய கடனும் தீரும். அதைவிடப் பெரிய புதிய கடனும் பிறக்கும். ஆட்கள் இடம் மாறுவார்கள். அவர்களோடு கடனும் மாறி வளரும். 1921-ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது தாள்தான், கடன்பட்டவன் கணக்கைப் பார்க்கலாகாது என்ற பழக்கம் அத்துணை விரைவில் ஒழியவில்லை.

அதே காலத்தில், அதே பணத்தைக் கையாண்ட நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் வேறொரு தலைமுறைத் தொடர்பு இருந்தது. கொழும்புச் செட்டியார் தெருவிலும் மலைநாட்டு நகரங்களிலும் அவர்களுடைய கடைகள் இருந்தன. ஊரிலிருந்து வரும் சிறுவன் "பெட்டியடிப் பையன்" என்ற பெயரோடு கணக்குப் பெட்டியருகே அமர்வான். கூட்டுவான், கடிதம் கொண்டுபோவான், வட்டி கணக்கிடப் பழகுவான். பின்னர் "அடுத்தாள்" ஆவான். அதன் பின் மேலாளாக ஒரு கடையையே மூன்றாண்டுத் தவணைக்கு நடத்துவான். ஊர் திரும்பும்போது சம்பளத்தோடு கூடத் தொழிலையும் கொண்டு செல்வான். நாளடைவில் தானே முதலாளி ஆவதும் உண்டு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மூத்தவர் உண்டு, இளையவர் உண்டு, முற்பணம் உண்டு, உறவும் உண்டு. பெட்டியடிப் பையனுக்குக் கணக்கேடு திறந்திருந்தது. கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அது மூடியிருந்தது. அவன் கடன் ஒரு நாள் முடிந்தது. அவளுடைய கடன் மகனிடம் போயிற்று. உதவி எது, விலங்கு எது என்று பிரித்தறிவதற்கு இவ்விரண்டு வினாக்களே போதும் என்பது என் கருத்து. கணக்கை இளையவன் பார்க்கலாமா? அது முடியும் நாள் உண்டா? வட்டி வீதம் கூட இவற்றுக்கு அடுத்ததுதான்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை 1890-ஆம் ஆண்டில் வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோ நகரில் ஒரு சிறு கடைக்காரரின் மகன். வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்ற பெற்றோரின் கடையில் அவர் தொழில் பழகி, 1871-இல் தமது முதற் கடையைத் திறந்தார். உலகப் புகழ்பெற்ற அவ்வணிகரின் திறமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அவருக்கும் பின்னால் ஒரு கடை இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஊவாத் தோட்டத்து மக்களுக்கு அத்தகைய கடையொன்று உருவாகத் தொடங்கிய வேளையில் சட்டம் குறுக்கிட்டது. 1924-இல் புகையிரதம் பதுளைக்கு வந்தபின் நகரம் வளர்ந்தது. கணக்கப்பிள்ளைகளின் பிள்ளைகளும் கங்காணிகளின் பிள்ளைகளும், சிறுகச் சிறுகத் தொழிலாளரின் பிள்ளைகளும் நகரில் கடை வைக்க முற்பட்டனர். ஆனால் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964-இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974-இல் பாதிப் பாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. எண்களாகப் படிக்கும்போது இது ஒரு கணக்கு. குடும்பமாகப் பார்க்கும்போது, பெரியப்பா கப்பலேற, தம்பி மகன் லயத்தில் தங்கியமை. கடன் கொடுத்தவர் அக்கரையில், வாங்கியவர் இக்கரையில். பிணை சொன்னவர் எங்கே என்று தெரியாது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்குவதற்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்கரை சென்றவர்களின் அனுபவம் நமக்கு ஒரு பாடமாகவே அமைந்தது. தாயகம் திரும்பியோருக்கு இந்திய அரசு வியாபாரக் கடன் அளித்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969-இல் சென்னையில் ரெப்கோ வங்கி என்னும் கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டது. கடன் பெற்றவர்களுள் பலர் வாழ்நாள் முழுவதும் கொழுந்தெடுத்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள். எந்தச் சந்தையில் எந்தச் சரக்கு விலைபோகும், யாரிடம் கடன் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாகாது என்று கூறுவதற்கு அந்த ஊர்களில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. பலருடைய கடைகள் விரைவிலேயே மூடுண்டன. முதல் இருந்தது, மூத்தவர் இல்லை. பிழைப்புத் தேடி நீலகிரி மலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் மீண்டும் கூலிகளாக ஏறியவர் பலர்.

இங்கே தங்கியவர்கள் என்ன செய்தார்கள்? சீட்டுப் பிடித்தார்கள்.

சீட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் அதன் உள்ளமைப்பை நின்று பார்ப்பவர் சிலரே. எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு பேர் மாதம் 5,000 ரூபா வீதம் போடுகிறார்கள் என்று கொள்வோம். மாதந்தோறும் 60,000 ரூபா சேரும். குலுக்குச் சீட்டானால் பெயர் விழுந்தவருக்கு அது போகும். கழிவுச் சீட்டானால், பணம் உடனே வேண்டியவர் கழிவு கேட்பார். ஒருவர் 6,000 ரூபா கழிவுக்கு எடுத்தால் அவர் கைக்கு வருவது 54,000. கழிவுத் தொகை பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு 500 ரூபாவாகப் பிரியும். கடைசி மாதம் வரை பொறுத்திருப்பவர் முழுத் தொகையும் பெறுவார். ஆகவே முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். ஒரே வட்டத்துக்குள் வங்கியின் இரண்டு வேலைகளும் நடந்துவிடுகின்றன.

இதில் தலைமுறை எங்கே வருகிறது? முதலில் எடுப்பவர் இளையவர், பொறுத்திருப்பவர் மூத்தவர். கடை வைக்கப் போகிறவனுக்கு இன்று பணம் வேண்டும். கடை வைத்து நிலைபெற்றவருக்கு மகள் கலியாணத்துக்கு அடுத்த தை மாதம் கிடைத்தாற் போதும். இரு வயதினரும் சேர்ந்தால்தான் சீட்டு ஓடும். பன்னிரண்டு பேரும் ஒரே வயது, ஒரே தேவை என்றால், எல்லாரும் முதல் மாதத்துக்கே போட்டியிடுவார்கள், கழிவு ஏறும், எடுத்தவர் மிஞ்சிய தவணைகளைக் கட்ட முடியாமல் விழி பிதுங்குவார். அது மட்டுமன்று. முதலில் எடுத்தவன் பதினொரு மாதமும் ஒழுங்காகக் கட்டுவான் என்பதற்கு என்ன உறுதி? சீட்டுப் பிடிப்பவர் அதற்கு முன்பே கேட்டிருப்பார்: "யார் பொறுப்பு?" அப்பொழுது பெரியவர் ஒருவர் "என்னைப் பாருங்கள்" என்பார். சரக்குக் கேட்டபோது வந்த அதே வார்த்தை இது.

சீட்டு ஓடிப்போவதும் உண்டு. பிடித்தவரே ஓடிப்போவதும் உண்டு. இந்நாட்டில் 1935-ஆம் ஆண்டிலேயே சீட்டுகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது என்பதிலிருந்தே இத்தொல்லையின் பழமை விளங்கும். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இலங்கையில் வேரூன்றின. கணக்குப் பரிசோதனையும் பொதுக்கூட்டமும் உள்ள இம்முறை, சீட்டைவிடப் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சம்பள நாளன்று லயத்து வாசலில் கூடும் பெண்களின் சீட்டுக்குள்ள வேகம் அதற்கு இல்லை.

உறுதியும் வங்கியும் மறுக்கப்பட்ட நிலை உலகில் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பின்னரும் வங்கிகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், முன்னாள் அடிமைப் பெண்ணொருவரின் மகளாகப் பிறந்தவர் மேகி லீனா வாக்கர். தாய் ஊராரின் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார்; மகளும் துணிக்கூடை சுமந்தார். செயின்ட் லூக் சங்கம் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தில் இளமையிலேயே சேர்ந்து, மூத்தவர்களிடம் கணக்குப் பழகி, பின்னர் அதன் தலைமையை ஏற்றார். 1903-ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் பெயரால் ஒரு பென்னிச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். சலவைக்காரிகளின் சில்லறைக் காசு அங்கே வீட்டுக் கடனாகவும் கடைக் கடனாகவும் மாறியது. கரிபியன் தீவுகளிலிருந்து அந்நாட்டில் குடியேறிய கறுப்பின மக்களோ "சூசு" என்ற ஒன்றைக் கையோடு கொண்டு வந்தனர். அதன் வேர் மேற்கு ஆபிரிக்காவின் யொருபா மக்களிடம் உள்ளது. நம்முடைய சீட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறுபாடு காண்பது கடினம்.

இன்னொரு ஒற்றுமையைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு நேர்மையாக இராது. ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் கிறீன்வூட் என்ற பகுதி கறுப்பின வணிகர்களின் செழிப்புமிக்க கடைவீதியாக விளங்கியது. 1921-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாளும் ஜூன் 1-ஆம் நாளும் வெள்ளையர் கும்பல் அதனைத் தீக்கிரையாக்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் எரிந்தன. காப்புறுதிக் கம்பனிகள் கலவரத்தைக் காரணங்காட்டிக் கையை விரித்தன. பதுளையிலே அத்தகைய நாள் 1983-ஆம் ஆண்டு ஜூலை 27. அன்று நண்பகலளவில் கடைவீதியின் தமிழர் கடைகளுக்குத் தீ மூட்டப்பட்டது. அது வீடுகளுக்கும் பரவி, ஹாலிஎலைக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் சென்று, இரவுக்குள் லுணுகலையையும் எட்டியது.

கடை எரிந்தால் சரக்குப் போகும், கட்டடம் போகும். அவற்றோடு கடன் கொப்பியும் எரிந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அதில்தான் எழுதியிருந்தது. அத்தகைய நாளுக்குப் பிறகு ஒரு வியாபாரியிடம் எஞ்சுவது இரண்டே: தாமாக வந்து "நான் இவ்வளவு தரவேண்டும்" என்று சொல்லும் வாடிக்கையாளர், "முன்போலவே சரக்கை எடுங்கள்" என்று சொல்லும் மொத்த வியாபாரி. கிறீன்வூட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1925-இல், புக்கர் வாஷிங்டன் 1900-ஆம் ஆண்டில் நிறுவிய கறுப்பின வணிகர் சங்கம் தன் தேசிய மாநாட்டைத் துல்சாவிலேயே நடத்தும் அளவுக்கு அக்கடைவீதி மீண்டும் எழுந்து நின்றது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்ற பின்னர், தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும் இளையோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் கொழும்புக்குச் செல்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில் சிப்பந்திகளாக நிற்கிறார்கள். கடையிலேயே உண்டு உறங்கி ஐந்தாறு ஆண்டுகள் கழிக்கும் அந்த இளைஞன், துணியின் தரத்தையும் விலையின் போக்கையும் எந்தக் கல்லூரியும் கற்பிக்காத அளவுக்குக் கற்றுக்கொள்கிறான். மலையிலோ வேறு தொழில்கள் முளைத்திருக்கின்றன. லயத்துக்கருகே பயிரிட்ட போஞ்சியும் கோவாவும் லொறியேறிச் சந்தைக்குப் போகின்றன. எல்லைக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வெளிநாட்டார் வருகிறார்கள். முச்சக்கரவண்டி ஓட்டுவோரும் தேநீர்க்கடை வைப்போரும் தங்குமிடம் நடத்துவோரும் பெருகியிருக்கிறார்கள். 2005-இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமே ஒரு பாடநெறி. தொழிலுக்கான அறிவு மலையில் முன்னெப்போதையும்விட இன்று கூடுதலாக இருக்கிறது.

ஆயினும் முதலுக்கு எங்கே போவது? லயத்து வாசலுக்கே வரும் நுண்கடன் நிறுவனங்களைப் பலர் நாடினர். ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகி ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். கிழமைதோறும் தவணை கட்ட வேண்டும். பார்வைக்கு இது சீட்டைப் போலவே இருக்கும். ஆனால் இங்கே பிணை நிற்போர் எல்லாரும் ஒரே வயதினர், ஒரே வருமானத்தினர். மழை அதிகமாகிக் கொழுந்து குறைந்தால் ஆறு பேருக்கும் ஒரே கிழமையில் சம்பளம் குறையும். பிணை எதற்குத் தேவையோ அந்த நாளில் அந்தப் பிணை பயன்படாது. கழிவுத் தொகை வட்டத்துக்குள் திரும்பி வருவதும் இதில் இல்லை; வட்டி வெளியே போய்விடும். 2016-ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்த முனைந்தது. வயதிலும் வருமானத்திலும் வேறுபட்ட ஒருவர் அக்குழுவில் இல்லாத குறையை எந்தச் சட்டமும் நிரப்ப இயலாது.

அந்த வேறுபட்ட ஒருவர் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இருக்கத்தான் செய்கிறார். அறுபதைத் தாண்டிய கடைக்காரர் அவர். அவர் பிள்ளைகள் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் ஆகிவிட்டார்கள்; சிலர் கடல் கடந்து போய்விட்டார்கள். கடையை ஏற்க ஆளில்லை. கொழும்பில் தொழில் பழகிய தோட்டத்து இளைஞனுக்கோ கடையில்லை. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பஸ்ஸில் பயணம் செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய வேடிக்கை. முன்பு இவர்களைக் கலியாண வீட்டு மொய்யும் கோயில் திருவிழாவும் கூட்டி வைத்தன. இளைஞன் ஆண்டுக்கு இருமுறை மட்டும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் வரும் இக்காலத்தில் அந்தச் சந்திப்புகள் அருகிவிட்டன. வர்த்தகர் சங்கங்கள் பண்டிகைக் கால விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

கடை கைமாறும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாளியும் இளைஞனும் அமர்ந்து சரக்கைக் கொள்விலைக்கு மதிப்பிட வேண்டும். அத்தொகை இளைஞனின் கடனாக இரண்டு கொப்பிகளில் எழுதப்பட வேண்டும். ஒன்று அவரிடம், மற்றது அவனிடம். விற்பனை இலாபத்திலிருந்து மாதந்தோறும் இவ்வளவு என்றும், இத்தனையாம் மாதம் முடியும் என்றும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முதலாறு மாதம் பெரியவர் கடையில் வந்து உட்காருவார், கேட்டால் சொல்வார். மொத்த வியாபாரிகளிடம் அவனை அழைத்துப்போய், "இனித் தம்பிதான் வருவார்" என்று அறிமுகம் செய்வார். கடன் முடிந்த மாதத்தில் இரு கொப்பிகளிலும் குறுக்கே கோடு கிழித்துக் கையொப்பமிடுவார்கள். அதற்குப் பின்பும் பெரியவர் வந்து உட்காருவதானால், அவருக்கு ஒரு தேநீர் வரும். கல்லாப்பெட்டியின் சாவி வராது.